எலுமிச்சை மரத்துக்கு இந்தப் பக்கம்

கேமரா எப்போதும்
வக்காரோ வீட்டு எலுமிச்சை மரத்தோடு நின்றுவிடும்.
அதற்கு இந்தப் பக்கம்,
தெருவின் வாயில்,
என் வீடு.

மெல்போர்னின் கிழக்கே ஒரு முட்டுச்சந்து. ஆறு வீடுகள்.
ஐந்தை இங்கிலாந்து வரைக்கும் தெரியும்.
லீட்ஸிலிருந்து வந்த ஒருத்தி
ட்ரான்டர் வீட்டு வேலியைத் தொட்டு அழுதாள்.
பிறகு என்னிடம் வந்து
கழிப்பறை எங்கே என்றாள்.

திங்களும் வியாழனும் படப்பிடிப்பு.
விடிகாலையில் ஏணியோடு ஒருவன் வருவான்,
தெருப் பலகையைக் கழற்றி
வேறு பெயரை மாட்டுவான்.
மாலை வரை நாங்கள் ஜூபிலி தெரு.
தபால்காரனுக்குக் குழப்பமில்லை,
அவன் பார்ப்பது கதவு எண்ணை.

ட்ரான்டர் வீட்டு முன்கதவு வழியாக
நான்கு மணப்பெண்கள் வெளியே வந்திருக்கிறார்கள்.
ஒரு சவப்பெட்டி.
நினைவு தப்பிப் பதினோரு வருடம் கழித்துத் திரும்பிய கணவன்
உள்ளே போனான்,
ஆனால் நடை வரைக்கும்தான்.
கதவைச் சாத்திவிட்டு
கிளெனிஸின் குடைகளுக்கு நடுவே
மூச்சைப் பிடித்து நின்றான்,
'கட்' கேட்கும் வரை.
அவன் அழ வேண்டிய சமையலறை
பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கொட்டகையில் இருந்தது,
மூன்றே சுவரோடு.
அங்கே மாடிப்படிகூட உண்டு.
கிளெனிஸ் வீடோ ஒற்றைத் தளம்.
மேலே போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று
இத்தனை வருடத்தில் யாரும் எழுதிக் கேட்டதில்லை.

ஜூலையில் கோடை வரும்.
கையில்லாச் சட்டையில் பெண்கள்
வாயில் ஐஸ் கட்டி வைத்துத் துப்பிவிட்டுப் பேசுவார்கள்,
மூச்சு புகையாமல் இருக்க.
தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த வருடம்
ஐந்து வீட்டுப் புல்லுக்கும் பச்சைச் சாயம் தெளித்தார்கள்.
கத்தியால் வெட்டியதுபோல்
என் எல்லையில் நின்றது பச்சை.

எனக்குத் தந்த வேலைகள் இவை:
ஜெனரேட்டருக்கு இடம் விடுவது,
சத்தம் போடாமல் இருப்பது.
புல்வெட்டி கூடாது. ரேடியோ கூடாது.
மேக்பை பறவைகளுக்குத்தான்
யாராலும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ரே என்னை விட்டுப் போன மாலை
நாங்கள் கிசுகிசுத்தே சண்டை போட்டோம்.
மூன்று வீடு தள்ளி ஒருத்தி முழுக் குரலில்
'போகாதே' என்று கத்திக்கொண்டிருந்தாள்.
ஒரு முறை, இரண்டு முறை,
ஐந்து முறை.
ஆறாவதில் ரே காரைக் கிளப்பினான்.
ஒலி கெட்டுவிட்டது.

அவளுக்குக் கண்ணீரை மறுபடி ஏற்றப்
பதினைந்து நிமிடம் ஆனது.
டீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு
நெடுஞ்சாலை வரை போனான்.
ஏழு வயது. சிவப்புச் சைக்கிள். கம்பளிக் குல்லாய்.
திரும்பி வந்தவன்
வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.
என்னைக் கடந்து,
எலுமிச்சை மரத்தைக் கடந்து,
நேரே படத்துக்குள் போனான்.
யாரோ கை தூக்கினார்கள்.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது,
விட்டுவிட்டார்கள்.

அந்த ஏழாவதைத்தான் காட்டினார்கள்.
அவள் தோளுக்குப் பின்னால்
நான்கு நொடி.
கோடையில் எதற்குக் கம்பளிக் குல்லாய் என்று
நாட்டிங்காமிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம்.

தொடர் முடிந்து இரண்டு வருடம்.
ஏணிக்காரன் கடைசியாக வந்து
எங்கள் பெயரை மாட்டிவிட்டுப் போனான், சற்றுக் கோணலாக.
மதியங்களில் பழைய பகுதிகளை மறுபடி போடுகிறார்கள்.
டீன் கால்கூர்லியில், தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான்.
மாதம் ஒரு முறை பேசுவான்,
பெரும்பாலும் டயர் விலை பற்றி.

நேற்று உன்னைப் பார்த்தேன் என்றேன்.
குல்லாயா, என்றான்.
குல்லாய்தான்.
அந்தப் பக்கம் ஏதோ கனமான வண்டி
பின்னால் நகரும் சத்தம்.
அது ரொம்ப அரிக்கும், என்றான்.
அப்புறம், புல் வெட்டினாயா?

வெட்டினேன்.
வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு,
தெரு முழுக்கக் கேட்க.