இடப்பக்க ஸ்பீக்கர்

ஓம்னிக்கு இருபத்து நாலு வயசு.
செட் அதைவிட மூத்தது,
வேறு யார் வண்டியிலோ பாடி முடித்து
இதற்கு வந்தது.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் முட்டை,
அட்டைமேல் அட்டையாக நூறு அட்டை.
கிணத்துக்கடவில் ஏற்றினால்
வேலந்தாவளம் தாண்டி
சித்தூர் பேக்கரிகளில் இறக்க வேண்டும்.

முதலில், சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும்
நூற்றெண்பது ரூபாய்ச் சாமான் ஒன்று.
ரேடியோவை எண்பத்தெட்டில் வை,
போனில் இருப்பது பாடும் என்றார்கள்.
பாடியது.
செக்போஸ்ட் தாண்டியதும்
அதே எண்ணில் யாரோ மலையாளத்தில்
ரப்பர் விலை வாசித்தார்.
விலை மேலே, பாட்டு அடியிலே,
சித்தூர் வரைக்கும்.

பிறகுதான் ஷிபுலால்.
வண்டிகள் வரிசை நிற்கும் இடத்துக்கு நேரெதிரே
அவன் கடை.
"புதுசு மாட்டிக்கோ சேச்சி, இது கிழடு."
"பட்டனெல்லாம் கைக்குத் தெரியும்,
ரோட்டைப் பாத்துட்டே அமுக்குவேன்.
இதுலயே பண்ணு."

பண்ணினான்.
காசெட்டைப் படிக்கும் தலையிலிருந்து
மயிரிழைக் கம்பி இரண்டை இழுத்து
தீப்பெட்டி அளவு பச்சைத் துண்டோடு
ஈயம் வைத்தான்.
ஆனாலும் உள்ளே காசெட் சுற்றினால்தான்
செட் நம்புகிறது,
இல்லையென்றால் வாய் திறப்பதில்லை.
டேஷ்போர்டில் கிடந்தது
தீவனக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த
கோழிக் கழிச்சல் பற்றிய எச்சரிக்கைகள்.
நாடாவை உருவிக் குப்பையில் போட்டு
வெறும் கூட்டைத் தள்ளினான்.
சக்கரம் இரண்டும் எதையும் சுற்றாமல் சுற்றின,
என் போன் பாடியது.
(அவன் போன்தான் முதலில் பாடியது,
சோதித்துப் பார்க்க.)
ஆயிரத்து இருநூறு.
பேஸ் மட்டும் ஏற்றக்கூடாது,
முட்டை.

ஒன்பதாம் நாள்
என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.
எட்டு மணி. எனக்கு முன்னால் ஏழு லாரி.
செட் தானாகவே கிணுங் என்றது.
அதற்கு ஷிபுலாலை மறக்கவில்லை.
கடைக்குள் அவன் காதிலிருந்த பேச்சை
பாதியில் பிடுங்கி
என் மடியில் போட்டது.

ஒரு பெண், கொஞ்சம் கரகரத்த குரல்:
"வல்லதும் கழிச்சோ?"

நாலு மணிக்கு வண்டி எடுத்தவள் நான்.
கிளம்பும்போது வீட்டில்
போர்வைகள் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"எந்தா மிண்டாத்தே? கழிச்சோ?"

ரெண்டு ஸ்பீக்கரும் கேட்கிறதே,
என்ன செய்ய.
"இன்னும் இல்லீங்க," என்றேன்,
"முட்டை எறக்கிட்டுத்தான்."

அங்கே ஒரு குக்கர்
விசிலை முடிக்கும் வரை யாரும் பேசவில்லை.
"ஆரா அது?"

எதிரே ஷிபுலால் போனை உதறினான்,
ஹலோ ஹலோ என்றான்,
போனைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்தான்.
அதற்குள் லாரிகள் நகர்ந்துவிட்டன.
பின்னால் ஹாரன், நானும் நகர்ந்தேன்.
பத்தடி, இருபதடி,
"எத்ர நாளாயி இது" என்பதில்
எத்ர நாளா மட்டும் என்னோடு வந்தது.

திரும்பும்போது மத்தியானம்.
கடை வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்து
ஒருத்தி நின்றிருந்தாள், பக்கத்தில் ஷிபுலால்,
அடி வாங்கிய ஆம்ப்ளிஃபயர் போல.
நானே நிறுத்தினேன்.
ஜன்னலுக்குள் தலையை விட்டு
வெற்று அட்டைகளைப் பார்த்தாள்,
செட்டைப் பார்த்தாள், உள்ளே
ஒன்றுமில்லாமல் சுற்றும் சக்கரங்களை
ரொம்ப நேரம் பார்த்தாள்.
அப்புறம் என்னை.

"அப்போ, கழிச்சில்லே?"

நேரில் அந்தக் குரலில் கரகரப்பே இல்லை.
அது என் இடப்பக்க ஸ்பீக்கருடையது.
மாற்ற முந்நூறு ஆகும் என்றான் ஷிபுலால்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
இருநூறு என்றான்.