பன்னிரண்டாம் கேள்வி

யோகாம்பிகை
நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிறவள்.
வேலை விட்டு நேரே வருவாள்.
தேசிக்காய் தேய்த்தும் போகாத வாடை
உபதேச அறையின் வாங்கில்
அவளுக்கு முன்னமே வந்து இருந்துவிடும்.

நான் குருநகரில் உபதேசியார்.
ஏழு வயதில் விசுவாச மந்திரம் பாடம்.
ஷெல் விழுந்த இரவிலும்
பங்கருக்குள் குந்தியிருந்தபடி
ஒரு சொல் பிசகவில்லை எனக்கு.

ஏன் வந்தாய் என்று
படிவத்துக்காகக் கேட்டேன்.
"மழைக்கு ஒதுங்கினனான்.
மழை விட்டிட்டுது.
நான் விடேல்ல."
படிவத்தில் அதற்கு இடமில்லை.
சுயவிருப்பம் என்று எழுதினேன்.

பத்துக் கட்டளையில் எட்டுச் சொன்னாள்.
இராயப்பரும் சின்னப்பரும்
அண்ணன் தம்பி என்றாள்.
பன்னிரண்டாம் கேள்வி, திரித்துவம்.
கொஞ்ச நேரம் கையைப் பார்த்தாள்,
ஓடு கிழித்த விரல்களை,
பிளாஸ்ரர் சுற்றிய பெருவிரலை.

"மூண்டு பேர், ஆனா ஒண்டு எண்டு
சொல்லித் தந்தனீங்கள்.
கணக்கு எனக்கு வராது ஐயா.
கிலோவுக்கு எவ்வளவு வெட்டுறாங்கள்
எண்டே தெரியாது.
ஆனா
கூப்பிட்டா ஒராள்தான் திரும்பிப் பாக்கிறார்."

சிவப்புப் பேனையால் குறுக்கே கோடிட்டேன்.
அடுத்த வருசம் பார்க்கலாம் என்று
ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்.

பாதர் கிறிசோஸ்தம்
தாளை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தவர்
பன்னிரண்டில் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றி
அங்கியின் நுனியால் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
பிறகு,
"உபதேசியார்,
நீங்கள் கடைசியா எப்ப கூப்பிட்டனீங்கள்?"

கோபமாய்க் கேட்டிருந்தால்
மறுமொழி வைத்திருந்தேன்.
தேத்தண்ணி குடிச்சனீங்களோ
என்பதுபோலக் கேட்டார்.

அன்றிரவு கரையோரம்
சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.
மண்டைதீவுப் பக்கம் படகு வெளிச்சங்கள்.
மேசைக்குக் கீழே விழும் துணிக்கை போதும்
என்றவளை
அனுப்பிவிடும் என்று சொன்னார்கள் சீடர்கள்.
எத்தனை ஞாயிறு வாசித்திருக்கிறேன்,
குரல் ஏற்றி, நிறுத்தம் பார்த்து.
நான் அவர்கள் பக்கம் நிற்கிறேன் என்று
ஒருநாளும் தெரியவில்லை.

பாஸ்கு இரவு.
அவள் தலையில் தண்ணீர் ஊற்ற முன்
கோயில் முழுவதையும் கேட்டார் பாதர்.
விசுவசிக்கிறேன் என்றது சனம், ஒரே மூச்சில்.
என் குரல் வழக்கம்போல முன்னுக்கு.
அவளுடையது பிந்தி வந்தது,
எல்லாரும் முடித்த பிறகு, தனியாக,
ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற கவனத்தோடு:
"விசுவசிக்கிறன்."

இரண்டாம் முறையும் அப்படித்தான்.

மூன்றாம் முறை நான் வாய் திறக்கவில்லை.
அவள் சொல்லட்டும் என்று நின்றேன்.
உருகிய மெழுகு கையில் இறங்கியது.
திரி கருகும் மணத்துக்குள்ளால்
நண்டு வாடை வந்தது.
முகத்தைத் திருப்பவில்லை.