உயிர்வேலியில் ஒரு படி

எங்கள் தெரு எங்கும் போய்ச் சேராது.
பதினாறு வீடுகளைத் தொட்டுவிட்டு
லாடம்போல் வளைந்து
வந்த வழியே திரும்பிவிடும்.
ஹாதர்ஸெட் குளோஸ் என்று பலகை.
வழி தவறிய டெலிவரி வேன்கள்
பின்னோக்கி ஊரும் பீப் பீப்தான்
காலை பத்துக்கு மேல் இங்கே சத்தம்.

நான் வந்து பதினோரு வருஷம்.
இன்னமும் குடியிருப்பது
ஓல்ட்ராய்டு வீட்டில்.
ஓல்ட்ராய்டு தம்பதி விற்றுவிட்டுக்
கடற்கரைப் பக்கம் போய்
அவர் செத்தும் போனார்.
வீடு இன்னும் அவர்களுடையது.

எதிரே ஒன்பதும் பதினொன்றும்
ஒட்டிப் பிறந்தவை.
ஒரே கூரை, ஒரே புகைபோக்கி,
உள்ளே நடுவில் ஒரு செங்கல் சுவர்,
வெளியே நடுவில் ஓர் உயிர்வேலி.
ஒன்பதில் ரோலண்ட் பெட்டிஃபர்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
பதினொன்றில் க்ளெனிஸ் மாபட்,
பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவர்.

வேலிக்குள் நடுக்கோடு எங்கே ஓடுகிறது
என்பது ரோலண்டுக்குத் தெரியும்.
அதுவரை வெட்டுவார்,
நூல் பிடித்து, நீர்மட்டம் பார்த்து,
இடுப்பளவுக்கு.
அதற்கப்பால் ஓர் இலை தொடமாட்டார்.
க்ளெனிஸின் பாதி
ஆள் உயரம் தாண்டிக் குருவிகளோடு
தன்பாட்டுக்கு நின்றது.
இப்படித்தான் வேலியில் ஒரு படி உண்டானது.
பத்தொன்பது வருஷப் படி.
தபால்காரப் பெண் கடிதக் கட்டை அதில் வைத்து
ரப்பர் வளையத்தை உருவுவாள்.
ஆறாம் நம்பர் பூனைக்கு அது
மதியக் கட்டில்.

சண்டை என்று சொல்லிவிட முடியாது.
பார்த்தால் பேசிக்கொள்வார்கள்:
மழை, மழையின்மை,
இந்த வாரம் நீலத் தொட்டியா பழுப்பா.
டிசம்பரில் அட்டை ஒன்று போகும், ஒன்று வரும்.
பெயர் மட்டும், வேறு சொல் கிடையாது.
இங்கே யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.
கேட்காமலிருப்பது மரியாதை.
சில நாட்களில் அது
முழுநேர வேலை.

பிப்ரவரியில் க்ளெனிஸ்
இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ளப் போனார்.
ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது.
மூன்றாம் நாள்
ரோலண்ட் ஏணியோடு வந்தார்,
கோட்டைத் தாண்டினார்.
கொதிக்கிற கெட்டிலை அப்படியே விட்டு
ஜன்னலுக்கு வந்தேன்.
ஏழு வீடுகளில் திரை அசைந்தது,
என்னுடையதைச் சேர்க்காமல்.

இருட்டும் முன் வேலி
மேசை விரிப்புபோல் கிடந்தது.
தழை அவர் தொட்டி கொள்ளாமல்
என் கதவைத் தட்டினார்.
“உங்கள் பழுப்புத் தொட்டி காலியா?”
பதினோரு வருஷத்தில்
அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
மறுவாரம் தொட்டியைக் கழுவித் திருப்பிவைத்தார்.
மூடியில் ஒரு சீட்டு:
ஓல்ட்ராய்டு தொட்டிக்கு நன்றி.

டாக்சியிலிருந்து இரண்டு கோல்களோடு
இறங்கிய க்ளெனிஸ் சற்று நின்றார்.
“ஓ” என்றார்.
பிறகு, “எவ்வளவு அன்பு உங்களுக்கு, ரோலண்ட்.”
இந்த ஊர் பாஷையில் அந்த வாக்கியத்தை
எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம்.
ரோலண்ட் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பது
முகத்தில் தெரிந்தது.

அன்று மாலை விளக்கேற்றியதும்
தெருவுக்கே தெரிந்தது:
ஜன்னலோரம் ஒரு நாற்காலி.
அதில் அவர்.
புத்தகம் இல்லை, டிவி இல்லை, பின்னல் ஊசி இல்லை.
இத்தனை வருஷமும் இலைகளுக்குப் பின்னால்
சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்.
அதை நாங்கள் பார்த்தோம்.
நாங்கள் பார்ப்பதை அவர் பார்த்தார்.
மெல்ல எழுந்து, கோலைத் தேடி,
திரையை இழுத்தார்.

அதன்பின் ரோலண்ட் வெட்டவில்லை.
ஏப்ரலிலும் இல்லை, ஜூனிலும் இல்லை.
நூல் இல்லை, நீர்மட்டம் இல்லை.
இரண்டு பாதியும் ஒன்றாக ஏறுகின்றன,
கோடு எங்கே என்று
இனி அவருக்கும் தெரியாது.
தபால்காரப் பெண் கட்டைப்
பல்லால் கவ்விக்கொண்டு போகிறாள்.
பூனை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு
யார் காரின் மேலோ ஏறிக்கொள்கிறது.

நேற்று அளந்தேன், கண்ணால்தான்.
நாற்காலியின் தலைமாடு மறைய
இன்னும் ஒரு சாண் வேண்டும்.
தண்ணீர் விடுகிறாரா என்று
ரோலண்டைக் கேட்கலாம்.
கெட்டிலை வைத்தேன்.