பதினொன்று முப்பத்தொன்பது வரை

புதன்கிழமை காலை 11:52க்கு
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேரை
ஒரே அறையில் படுக்கவைத்தேன்.

கேம்ப்பில் பி-14. ஆறு கட்டில், ஒரு ஜன்னல் ஏசி.
ஒருவரை மட்டும் அங்கே மாற்றச் சொல்லித்தான் மெயில்.
எவரை என்று சொல்லும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு
என்டர் தட்டினேன்.
சர்வர் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை.
2316 வரிகள் மாறின என்றது,
குக்கர் விசில் அடிப்பது போல.

முசஃபாவில் எங்கள் ஆபீஸ்,
டயர் கடைக்கும் ஜிப்சம் கிடங்குக்கும் நடுவே.
சர்வர் அறை முன்பு பேண்ட்ரியாக இருந்தது;
சிங்க் இன்னும் இருக்கிறது.
ஆகஸ்டில் அந்தக் குழாய்த் தண்ணீரில் டீயே போடலாம்.

சரி, பேக்கப்.
பதினோரு மாதமாக விடியற்காலைதோறும்
வெற்றி என்று மெயில் வரும், படிக்காமல் தள்ளிவிடுவேன்.
இன்று திறந்தால், கோப்பு இருக்கிறது,
கோப்புக்குள் பூஜ்யம்.
டிஸ்க் நிறைந்தால் சொல் என்று
அந்த ஜாபிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.
சொல்லி வைத்திருக்க வேண்டியவன் நான்.

இன்னொரு பிரதி நெட்வொர்க் பெட்டியில்.
அதன் பாஸ்வேர்டு தெரிந்த சுபைர் கனடாவில்,
அங்கே விடிகாலை நாலு மணி.
எடுத்தான், திட்டினான்,
மகள் பெயரையும் அவள் பிறந்த வருடத்தையும் சொன்னான்.
உள்ளே ஞாயிறு இரவின் முழுப் பிரதி.
அதற்குப் பின் கால்மணிக்கொரு லாக், ஒன்றும் அறுபடாமல்.
கும்பிடத் தோன்றியது.
சிங்க்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.

நேரம் மூன்று விதமாக இருந்தது.
சுவரில் வளைகுடா.
லாகில் கிரீன்விச், நாலு மணி பின்னால்.
ஜாபைச் சென்னையில் உட்கார்ந்து அமைத்தவர்கள்
தங்கள் கடிகாரத்தையே விட்டுப்போயிருந்தார்கள், ஒன்றரை மணி முன்னால்.
டெலிவரி ரசீதின் பின்பக்கம் கூட்டிக் கழித்து
நிறுத்த வேண்டிய நொடியைக் குறித்தேன்: 11:51:58.
அதுவரை ஓட்டினால்
எதுவுமே நடக்கவில்லை.

ஓட்டுவதற்குமுன் லாகைப் படித்தேன்.
படித்திருக்க வேண்டாம்.

11:40:17. ஆள் எண் 1187.
போஜண்ணா, ஷட்டரிங் கார்பென்டர்.
பழைய நிலை: பணியில்.
புதிய நிலை: தப்பியோட்டம்.
பதிந்தவர்: மரிவிக்.

ஏழு நாள் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது.
விதிப்படி சரி.
புதன்தோறும் இரண்டு மணிக்கு அந்தப் பட்டியல்
தானாகக் கிளம்பிப் போகும்.
போய்விட்டால், அவர் எங்கே நின்றாலும்
அங்கே நிற்கக் கூடாதவர்.

ஏழு நாளில் ஒருவர் ஓடியும் போகலாம்,
பெயர் கேட்காத ஏதோ வார்டில் கிடக்கவும் செய்யலாம்.
டேபிளில் அதற்கொரு கட்டம் இல்லை.

11:39:00 என்று மாற்றித் தட்டினேன்.

மீட்கப்படுகிறது, மீட்கப்படுகிறது என்று
ஐம்பது நிமிடம் அதே இடத்தில் நின்றது.
பிறகு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை என்றது.
கொடுத்தேன்.
இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்
அவரவர் கட்டிலுக்குத் திரும்பினார்கள்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்:
பதின்மூன்று நிமிட இழப்பு. தவிர்க்க முடியாதது.

அந்தப் பதின்மூன்று நிமிடத்தை
மறுபடி பதியணும் என்று மரிவிக்கிடம் சொன்னேன்.
பேப்பர்களை எண்ணினாள், ஒன்பது.
எட்டைத் தட்டினாள்.
ஒன்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தாள்.
நான் சொட்டும் ஏசியைப் பார்த்தேன்.
பேப்பரைக் கீபோர்டுக்கு அடியில் செருகிவிட்டு
சாப்பிடப் போகிறேன் என்றாள்.
மணி ஒன்று நாற்பது.

இப்போதெல்லாம் மாதத்தின் முதல் வியாழன்
பிரதியை வேறொரு பெட்டியில் விரித்துப் பார்க்கிறேன்.
ஆட்களை எண்ணுகிறேன், கட்டில்களை எண்ணுகிறேன்.
வெற்றி என்று வரும் மெயிலை நம்புவதில்லை.

கேம்ப் கேட் எந்திரத்தில்
1187 பிறகு எப்போதாவது விரல் வைத்தாரா என்று மட்டும்
தேடவில்லை.
தேடினால்
தேடியது யார், எத்தனை மணிக்கு என்று
அதுவும் லாகில் விழும்.