இருபத்திரண்டாம் வாசல்

கல்லடியில், பாமசிக்கு மேல்மாடி.
கரண்ட் வந்து நாற்பது நிமிஷம்.
மாதம் ஐந்து டொலருக்கு ஒரு சேர்வர் எடுத்தோம்.
அது இருப்பது சிங்கப்பூரில்;
அதன் முகத்தை நானும் பார்த்ததில்லை,
சுகிர்தனும் பார்த்ததில்லை.

பெயர் வைத்து முடியவில்லை,
கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.
லொக் ஃபைலைத் திறந்தால்
றூட். றூட். அட்மின். டெஸ்ட். றூட்.
பிறகு, ஏனோ, மரியா.
எந்த நாட்டு மரியாவைத் தேடி
எங்கள் வாசலுக்கு வந்தான் அவன்?
ஒரு மணித்தியாலத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினேழு தட்டல்.
கோபமில்லை, களைப்புமில்லை.
வெளியே பெய்கிற மார்கழி மழைகூட
இடையில் ஒருக்கா மூச்சு விடும்.

றூட்டுக்கு வாசலை அடைத்தேன்.
பாஸ்வேர்டே வேண்டாம், சாவி மட்டும் என்றேன்.
அதில் பாதி அங்கே, பாதி என்னிடம்;
என் பாதிக்கு ஒரு பிரதி
பென்டிரைவில், அரிசி வாளிக்குள்.
மூன்று தரம் பிழைத்தால் ஒரு நாள் தடை.
கடைசியாக ஃபயர்வோல்:
எல்லாரையும் மறி.
என்ரர் அடித்தேன்.
திரை உறைந்தது.

"உன்னையும்தான் மறிச்சிருக்கு"
சுகிர்தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
என்னை விடச் சொல்லும் வரியை
முதலில் எழுதியிருக்க வேண்டும்.

வலையிறவுச் சென்றியில் ஒரு காலை,
அடையாள அட்டையை மேசையில் மறந்துவிட்டு
சோதனைக்குப் புறப்பட்டு வந்த நான்.
நான்தான் என்று சொன்னால் போதாத இடம்.
பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.
கணக்குப் பேப்பர், பகுதி ஒன்று.

கொன்சோல் வழியாகப் பின்பக்கம் சுற்றி உள்ளே போனேன்.
அந்த வரியை அழித்தேன்.
எனக்கொரு வரி எழுதி
அதற்குக் கீழே அதையே திரும்பவும் எழுதினேன்.

நாளை இதில் ஏற்ற வேண்டியது
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
பெயர், ஊர், இரத்தவகை, போன் நம்பர்.
ஏறாவூர் ஜெஸீமா, ஏபி பொசிட்டிவ்.
பட்டிருப்பு திலகராசா, ஓ நெகட்டிவ்.
இரத்தம் தர அவர் யோசிக்கவில்லை,
பதினாலு தரம் தந்திருக்கிறார்.
பெயரைத் தரத்தான் யோசித்தார்.
"லிஸ்ட் ஆர்ர கையிலயும் போகாதுதானே, புள்ள?"
சேர்வர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.
லிஸ்ட் என்றால் தெரியும்.

போகாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது இரண்டு நாற்பது.
அப்டேட் அறுபத்தெட்டு வீதத்தில் நிற்கிறது.
சுகிர்தன் கதிரையிலேயே நித்திரை.
லொக்கில் திரும்பவும் மரியா.
கரண்ட் போகிறது;
யூபிஎஸ் கீச்சிடத் தொடங்குகிறது.