திரும்பட்டும்

புன்டா அரீனாஸில் டிசம்பர் வந்தால்
வெயில் இரவு பத்து மணிவரை நிற்கும்,
நாம்தான் நிற்க முடியாது.
கோடையில் வருகிற கோடைக்காற்று,
மேற்கிலிருந்து, ஆளைத் தள்ளிக்கொண்டு.
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள்.
வங்கிக்குப் போகிறவர்கள் அதைப் பற்றியபடி
ஆற்றில் இறங்கியவர்கள் போலத் தெருவைக் கடப்பார்கள்.

அன்று ஏழாம் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்தோம்.
மூன்று கான்கிரீட் வண்டிகள்
வயிறு சுழல வாசலில் நின்றன.
நான் கீழே; சைகை காட்டுவது என் வேலை.
மேலே, நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில்
ஒதிலியா பாரியா.

ரேடியோவில் எண் சொல்லிக்கொண்டிருந்தாள்.
முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.
ஒரே வீச்சில் அறுபது, உடனே முப்பத்தைந்து.
அந்த முப்பத்தைந்துதான் எனக்குப் பிடிக்காது.
கடன் கொடுத்தவன் திடீரென்று
பிள்ளைகள் நலமா என்று விசாரிப்பது மாதிரி.

கொக்கியில் ஒரு பலகைச் சட்டம், இரண்டு கதவு அகலம்.
ரசீதில் அது பலகை.
காற்றுக்கு அது பாய்.
பாதி வழியில் அது ஒருமுறை முழுதாய்த் திரும்பி
தன் முதுகை எங்களுக்குக் காட்டியது.
நிபால்தோ வழிக்கயிற்றை இடுப்பில் சுற்றப் போனான்.
சுற்றாதே, கையில் பிடி, என்று கத்தினேன்.
காற்று என் சொல்லை வாங்கிக்கொண்டு ஜலசந்திப் பக்கம் போய்விட்டது.
நல்லவேளை, அவன் என் கையைப் பார்த்தான்.

சட்டம் தரையைத் தொட்டது.
நாலு பேர் அதன்மேல் உட்கார்ந்தார்கள், கட்டிப்போடும்வரை.

போதும், என்றாள் ஒதிலியா.

முதலாளி ஸ்லாவ்கோ போனில் வந்தார்.
மூன்று வண்டி கான்கிரீட்டின் விலையைச் சொன்னார்.
பெரிய எண்.
அவள் தன் எண்ணைச் சொன்னாள்: எழுபத்துநான்கு.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு அவர் கேட்டார்:
கிரேனில் என் பதாகை எங்கே?

நேற்று மாலை, புல்லும் அசையாத நேரத்தில்
வானிலை அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு
அவளே கரத்தில் நடந்துபோய் அறுத்து எடுத்தது அது.
பன்னிரண்டு மீட்டர், அவர் அப்பாவின் பெயர், சிவப்பில்.
பெயரைச் சுமந்த கரம் காற்றோடு திரும்பாது, முரண்டும்.
இதை அவள் போனில் விளக்கவில்லை.
கொக்கியை மேலே ஏற்றினாள்.
தள்ளுவண்டியைக் கோபுரத்தருகே இழுத்தாள்.
கடைசியாக ஏதோ சொன்னாள், பாதிதான் கேட்டது.
பிறகு ஏணி. ஒவ்வொரு படியிலும் ஒரு கொக்கி மாட்டி, ஒரு கொக்கி கழற்றி.
வண்டிகள் திரும்பிப் போயின.

இரவு இரண்டு மணிக்குத் தகரக்கூரை என்னை எழுப்பியது.
அந்தப் பாதிச் சொல் தலைக்குள் சுற்றியது.
பிரேக்கை விட்டாளா?
பூட்டிய கிரேன் காற்றை எதிர்த்து நிற்கும்,
நிற்க முடிகிறவரை.
கீழே பிரான்சியா தெருவில் எட்டு வீடுகள்.
காலணியில் கயிறுகூடக் கட்டாமல் கிளம்பினேன்,
முனைக்கு முனை நகராட்சிக் கயிற்றைப் பிடித்து.

வேலியருகே ஏற்கெனவே ஒருத்தி நின்றாள்,
யாருடையதோ பெரிய மேல்கோட்டில்.
தெற்கு வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் அணையாமல் இருந்தது.
அதில் பார்த்தோம்:
அத்தனை இரும்பும் மெதுவாக, தூக்கத்தில் புரள்வதுபோல்,
காற்று சொன்ன பக்கம் திரும்பியது.
நின்றது. கொஞ்சம் பின்வாங்கியது. மறுபடி திரும்பியது.

விட்டேனென்று தெரியும், என்றாள் ஒதிலியா.
இருந்தாலும்.

பதாகையைக் கேட்பார், என்றேன் காதருகே.

என் கோழிக்கூண்டின் மேல் கிடக்கிறது, என்றாள்.
நாலு பக்கமும் கட்டியிருக்கிறேன்.