ஈற்றயலடி

புதுக்குடியிருப்புச் சந்தியில், உரக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் அச்சகம்.
கலியாணக் கார்ட், ரசீதுப் புத்தகம், அந்தியேட்டிக் கல்வெட்டு.
கல்வெட்டுக்குத் திதி வெண்பா கட்டுவது என் வேலை.
இரண்டாயிரம் ரூபா. புலம்பல் சேர்த்தால் மூவாயிரம்.

வெண்பாவுக்கு இரக்கம் கிடையாது.
ஆண்டு, மாதம், பக்கம், திதி
அத்தனையும் நாலடிக்குள் அடங்க வேணும்.
தளை பிசகினால் கனடாவிலிருந்து யாராவது
போன் எடுத்துப் பிழை பிடிப்பார்கள்.
வேலாயுதபிள்ளை என்ற பெயரை வெண்டளைக்குள் நுழைக்கிறதுக்குள்
நேற்று ஒரு பிளேன்ரீ ஆறிப்போனது.

புரூஃப் பார்க்க மருமகள் ஜெயவதனி வந்தாள்.
சோபகிருது, ஆவணி, பூர்வபக்கத் துவிதியை.
மாமாவுக்கு எல்லாம் சரி என்றாள்.
பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு படம்,
லாமினேற் செய்தது, மூலை வெடித்தது.
"இவருக்கும் ஒண்டு போடலாமோ? கடைசிப் பக்கத்திலை."

"திதி?" என்று கேட்டுவிட்டேன்.
வாய்ப் பழக்கம்.

வெண்பாவின் கடைசிச் சீர்
நாள், மலர், காசு, பிறப்பு
இந்த நாலில் ஒன்றாய்த்தான் முடியும்.
நாள் அவளிடம் இல்லை.
மலர் வைக்க அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.
காசு தரலாம், மரணச் சான்றிதழ் எடுங்கோ என்றார்களாம் கச்சேரியில்.
பிறப்பு இருக்கிறது, கொப்பியோடு வந்திருக்கிறாள்:
மல்லாவி, எழுபத்தொன்பது.

கலிப்பா துள்ளும், இந்தப் பக்கத்துக்கு ஆகாது.
வஞ்சிப்பாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.
அதன் ஓசைக்குப் பேர் தூங்கல்.

அகவலைச் சொன்னேன். அகவுதல் என்றால் கூப்பிடுதல்.
எத்தனை அடியும் போகலாம், கடைசியில் ஏ என்று விடலாம்,
வளவுக்குள் நின்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.
"ஆனால் ஈற்றயலடியிலை ஒரு சீர் குறையும்.
பிழையில்லை, அதுதான் இலக்கணம்."

"குறையட்டும். இழுத்து நிரப்பாதைங்கோ."

என்ன உடுத்திருந்தார், எந்தப் பக்கம் இறங்கினார் என்று
அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.
பாதிக்கு மேல் அவளுடைய சொல்தான்.

        வட்டு வாகல் பாலம் தாண்டி
        எட்டுப் பேருடன் இறங்கி நின்றாய்
        நீலச் சட்டை நெஞ்சில் ஈரம்
        காலில் ஒற்றைச் செருப்பு
        வேலிப் படலை பூட்டுவ தில்லையே

பின்னேரம், பக்கம் கட்டுகிற தனுராஜ்
திரையைக் காட்டினான்:
"அண்ணை, நாலாம் அடி முடிய வெள்ளையாய் நிக்குது.
சின்னனாய் ஒரு பூ வைக்கட்டோ?"

மவுசிலிருந்து அவன் கையை
மெதுவாய் எடுத்துவிட்டேன்.